ஓட்டுநர் பள்ளிக்குக் கிளம்புமுன் நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்பதை மறக்காமல் எழுது.

உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த செய்தி இது. இங்கே அமெரிக்காவில், யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தின் கிடங்கில் இத்தனை ஆண்டுகளாக விடியுமுன் எழுந்துபோய் மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளில் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தேன் அல்லவா? ஓட்டுநர் இடம் காலியானதும் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். நானும் பெயர் எழுதிக் கொடுத்தேன். பணிமூப்புப்படி இம்முறை என் பெயர் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு மாலை, அந்த நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்புகிறேன். 'இன்டெக்ராட்' என்பது அதன் பெயர். முதல் பள்ளியை 2007இல் மேரிலாந்து மாநிலத்தில் லேண்டோவர் என்ற ஊரில் திறந்தார்கள். பிறகு வேறு இடங்களிலும் வந்துவிட்டன. அங்கே ஒரு வாரம் தங்கித் தேறி, திரும்பி வந்து தகுதிகாண் காலத்தையும் கடந்தால்தான் ஓட்டுநரின் அந்தப் பழுப்புச் சட்டை நிரந்தரம்.

'ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்குப் பள்ளி?' என்று நீ கேட்பாய் என்பது தெரியும். அரசுப் பேருந்தில் இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு படி.

முதலில் மருத்துவப் பரிசோதனை. இவ்வளவு கனமான வணிக வண்டிகளை ஓட்டுபவர்களுக்கு இங்கே மருத்துவச் சான்று கட்டாயம். ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 20/40 பார்வை இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் 140/90க்குள் இருந்தால்தான் முழு இரண்டு ஆண்டுகளுக்குச் சான்று தருவார்கள். காது சோதனைதான் எனக்கு வியப்பாக இருந்தது. மருத்துவர் ஐந்து அடி தள்ளி நின்று, அழுத்தமாக ஆனால் கிசுகிசுப்பாக எதையாவது சொல்வார்; கேட்டதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். உன் டிப்போவில் இதை வைத்தால், நீ அடிக்கும் ஹாரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பாதி செவிடாகிப்போன உன் கண்டக்டர் என்ன ஆவார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

எனக்குத் தேர்ச்சி ஆகிவிட்டது. கவலை அங்கே இல்லை, மனப்பாடத்தில் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் முன்பே சில பாடங்களை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். பொருள் சரியாக இருந்து வார்த்தை மாறினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்பிக்கத் தெரியாதவரை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கிடங்கில் பேசிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே வீடே பள்ளிக்கூடமாகிவிட்டது. தாள் என் மனைவி கையில். ஒரு சொல் தவறினாலும் 'முதலிலிருந்து' என்கிறாள். சின்னவளோ நான் பல் துலக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே நின்று 'நாலாவது என்னப்பா?' என்று கேட்கிறாள்.

அந்த நாலாவதும் மற்ற நான்கும் என்ன என்பதைக் கேள். பார்வைப் பழக்கங்கள் ஐந்து. ஹரால்ட் ஸ்மித் என்பவர் 1952இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, வாகனம் ஓட்டுவது முதலில் கண்ணின் வேலை என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவருடைய முறைதான் இன்றும் இங்கே ஓட்டுநர் பயிற்சிகளுக்கு வேர். 'எய்ம் ஹை இன் ஸ்டியரிங்': வண்டியின் மூக்கைப் பார்த்து ஓட்டாமல் தொலைவில் ஒரு குறியைப் பார்த்து ஓட்ட வேண்டும். 'கெட் த பிக் பிக்சர்': தள்ளியிருந்து சாலை முழுவதையும் பார்க்க வேண்டும். 'கீப் யுவர் ஐஸ் மூவிங்': எதையும் வெறித்துப் பார்க்காமல் இரண்டு நொடிக்கு ஒருமுறை பார்வையை நகர்த்த வேண்டும். 'லீவ் யுவர்செல்ஃப் அன் அவுட்': எந்த நேரத்திலும் ஒதுங்கித் தப்ப ஒரு பக்கம் இடம் வைத்திருக்க வேண்டும். 'மேக் ஷூர் தே ஸீ யூ': மற்றவர்கள் நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றாவது கைக்கோ காலுக்கோ சொன்னதாக இருக்கிறதா, பார். கியர், கிளட்ச், பிரேக் என்று எதுவுமே கிடையாது. நம் வாத்தியார் நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கைக்கும் காலுக்கும்தான். 'எச்' போடத் தெரிந்தால் உரிமம், அவ்வளவுதான். கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த ஐந்துக்குப் பிறகு, ஓட்டும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போக வேண்டிய பத்துக் குறிப்புகள் இருக்கின்றன. பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நாம் எதைப் பார்க்கிறோம், எதற்காக என்ன செய்கிறோம் என்று ஒரு வருணனையாளரைப் போலச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். சந்திப்பில் வண்டியை எடுக்கும்போது இடம், வலம், மறுபடி இடம் பார்ப்பது. நெரிசலில் நிற்கும்போது முன்னால் ஒரு கார் நீளம் இடம் விடுவது. முன் வண்டி நகர்ந்த பின் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு எடுப்பது. ஐந்து முதல் எட்டு நொடிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கண்ணாடியைப் பார்த்துவிடுவது. இங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் போவதால், ஓரத்திலிருந்து எடுக்கும்போது இடக் கண்ணாடிதான் உயிர். உனக்கு இதெல்லாம் தலைகீழாகத் தோன்றும். இடப்புறம் திரும்புவதென்றால் எதிரே வரும் வரிசையைக் குறுக்கே வெட்ட வேண்டும், நமக்கு வலப்புறத் திருப்பம் போல. அதனால்தான் இந்த நிறுவனம் தன் வண்டிகளின் பாதையை முடிந்தவரை வலத் திருப்பங்களாகவே அமைக்கிறது.

இடைவெளியை அவர்கள் அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அடிக்கணக்கோ மீட்டர்க் கணக்கோ கிடையாது, நொடிக் கணக்குதான். மணிக்கு 30 மைலுக்குக் கீழே போனால் முன் வண்டிக்கும் நமக்கும் நான்கு முதல் ஆறு நொடி, அதற்கு மேல் போனால் ஆறு முதல் எட்டு நொடி. முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணத் தொடங்கி, நாம் அதே கம்பத்தை அடையும்போது நிறுத்தினால் கணக்குத் தெரிந்துவிடும். 30 மைல் என்பது ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வேகம். அதில் ஆறு நொடி என்றால் 80 மீட்டர். 'அவ்வளவு இடம் விட்டால் நடுவே ஆட்டோக்காரன் நுழைவான்' என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது. நுழையட்டும். அவனுக்குப் பின்னால் மறுபடியும் இடம் விட்டுக்கொண்டு போவதுதான் தொழில் என்று இப்போது முழு மனதோடு நம்புகிறேன்.

நாம் முதலில் பார்க்கும்போதே பச்சையாக இருக்கும் சிக்னலுக்கும் ஒரு பாடம் உண்டு. அது எப்போது பச்சையானது என்பது நமக்குத் தெரியாது, ஆகவே எப்போது வேண்டுமானாலும் மாறும். சந்திப்புக்கு முன்னால் சாலையில் ஓர் இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தை அடையுமுன் விளக்கு மாறினால் நிற்க வேண்டும், கடந்தபின் மாறினால் போய்விட வேண்டும். அந்த இடத்துக்கு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கக் கூடாது. சந்திப்பில் நடக்கும் விபத்துகளை நினைத்துப் பார். ஓட்டுபவன் நடுவழியில் மனம் மாறியதுதான் எத்தனையில் காரணமாக இருந்திருக்கிறது!

ஆறாவது குறிப்பைப் பற்றித்தான் உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஓரத்தில் நிற்கும் கார்களின் ஸ்டியரிங் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் ஆள் தெரிந்தால் அந்தக் கார் கிளம்பலாம், அல்லது அதன் கதவு திறக்கலாம். காரைப் பொதுவாகப் பார்த்தால் போதாது, கண்ணாடி வழியே அந்தச் சக்கரத்தைத் தேட வேண்டும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாலத்தடி வளைவில் அன்று நின்றிருந்த வெள்ளைக் காரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் கதவு திறந்ததை நீயும் நானும் பின்னால் வந்து பார்த்தோம். வாத்தியார் மகன் பார்க்கவில்லை. இத்தனை வருடங்களில் அதைப் பற்றி நாம் இருவரும் வாய்திறந்து பேசியதே இல்லை. விதி என்று வாத்தியார் சொன்னார், ஊரும் சொன்னது, நாமும் தலையாட்டினோம். அதை விதி என்று ஏற்க இப்போது எனக்கு மனம் வரவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருவர், ஒரே ஒரு வரியில், அவனுக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது வேலைக்குப் போகும் வழியெல்லாம் நின்றிருக்கும் ஒவ்வொரு காரிலும் அந்தச் சக்கரத்தைத் தேடுகிறேன். பின்கண்ணாடியில் ஒரு தலை நிழலாகத் தெரிந்தாலும், பிரேக் விளக்கு எரிந்தாலும், புகைக்குழாயில் ஆவி வந்தாலும் வாய் தானாக 'ஆள் இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறது.

இதனால்தான் அந்த மனப்பாடத்தின் மீது எனக்குக் கோபமே வரவில்லை. உடன் போகும் இளைஞர்கள் சிலர் 'புரிந்தால் போதாதா, எழுத்துக்கு எழுத்து எதற்கு?' என்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு இடங்களுக்கு மேல் நிறுத்தி, இறங்கி, ஏறி, மாலையில் உடம்பு ஓய்ந்திருக்கும்போது, புரிந்துகொண்டது எதுவும் உடனே நினைவுக்கு வராது. வாய்ப்பாடு மட்டும்தான் வரும்.

பள்ளியில் இன்னும் என்னென்னவோ இருக்கிறது. கிளார்க்ஸ்வில் என்று பெயரிட்டு, தெருக்களும் வீடுகளுமாகப் பயிற்சிக்கென்றே ஒரு சிற்றூரை லேண்டோவரில் அமைத்திருக்கிறார்கள். வழுக்கும் தரையில், மேலிருந்து தொங்கும் பட்டையில் உடம்பைக் கட்டி நடக்கவிட்டு, வழுக்கினால் கால் எப்படிப் போகிறது என்பதை நமக்கே உணர்த்துவார்களாம். பார்சலைத் தூக்க எட்டு விதிகள் உண்டு: அருகில் போவது, பாதங்களை ஊன்றுவது, முழங்காலை மடக்குவது, எதிரெதிர் மூலைகளில் பிடிப்பது, இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்புவது என்று போகும். பார்சலின் எடை 150 பவுண்டு வரை, அதாவது 68 கிலோ வரை வரலாம். அப்போது இடுப்பை நம்பினால் கதை முடிந்தது. வண்டியிலிருந்து குதிக்கவே கூடாது. இரு கையும் ஒரு காலுமோ, இரு காலும் ஒரு கையுமோ, மூன்று எப்போதும் வண்டியைப் பற்றியிருக்க வேண்டும். நீ பேருந்திலிருந்து குதித்து இறங்கும் அழகைத் தங்கச்சி இன்னும் ரசித்துக்கொண்டிருந்தால், இந்தப் பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டு. மாமாவின் முழங்காலையும் ஒருமுறை பார்த்துக்கொள்.

1907இல் சியாட்டில் நகரில், 19 வயதுப் பையன் ஒருவன் தன் நண்பனோடு சேர்ந்து 100 டாலர் கடன் வாங்கி, நடந்தும் சைக்கிளிலும் செய்தி கொண்டுபோய்க் கொடுத்துத் தொடங்கிய நிறுவனம் இது. 25 ஆண்டுகள் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து ஒன்றுகூட இல்லாமல் ஓட்டியவர்களுக்கு இங்கே தனி மரியாதை உண்டு. எங்கள் கிடங்கிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். 'ஐந்தையும் சொல்' என்றார். சொன்னேன். 'நாளைக்கும் வந்து சொல்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தினமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எனக்காக நீ ஒன்று செய்ய வேண்டும். அடுத்த முறை இரவுப் பேருந்து எடுக்கும்போது, அந்த நொடிக் கணக்கை ஒரு மணி நேரம் மட்டும் கடைப்பிடித்துப் பார். நம் சாலையில் எத்தனை நொடி விட முடிகிறது, விட்டால் என்ன ஆகிறது என்பதை உள்ளபடி எழுது. நீ சொன்னால்தான் நான் நம்புவேன். வாத்தியாரைப் பார்த்தால் நான் ஓட்டுநராகப் போகிறேன் என்று சொல். ஆறாவது குறிப்பைப் பற்றி மட்டும் இப்போது சொல்ல வேண்டாம், நான் ஊருக்கு வரும்போது நானே அவரிடம் பேசுகிறேன்.

அந்த வாரம் முழுவதும் பகலில் தொலைபேசியை எடுக்க முடியாது. அவசரம் என்றால் வீட்டுக்கு அழை. சின்னவள் எடுத்தால், தகவலை வாங்கிக்கொள்ளுமுன் உன்னையும் ஐந்தைச் சொல்லச் சொல்வாள், தயாராக இரு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்