அது 'குயிக்' இல்லை மாப்ளே, குயில்

எடின்பரோ
20.5.2023

அன்புள்ள மாயாண்டி,

இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கப் பழகிவிட்டாள். உன் அக்காவுக்கு மட்டும் இந்தக் குளிரில் முழங்கால் வலி கூடிவிட்டது. மே மாதம் என்கிறார்கள், நான் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மதுரைக்கு ஜூன் 18 டிக்கெட். நலம் விசாரிப்பு இவ்வளவு போதும்.

போன வாரம் நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் பையன் பென்னிகுயிக் என்ற தன் பெயரை மாற்றப்போகிறானாம், கெசட் விண்ணப்பம் வாங்கி வைத்தாயிற்றாம், நீ கையெழுத்துப் போட்டால் முடிந்ததாம், 'பிரவீன்' என்று வைத்துக்கொள்வானாம். காய்கறி விலை சொல்கிற மாதிரி இதைச் சொன்னாய். அந்தப் பெயரை வைத்தவன் நான். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்ற தீர்ப்பு வந்த வாரம் அவன் பிறந்தான். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நீ "மாப்ளே, நீயே ஒரு பேர் சொல்லு" என்றாய், நான் யோசிக்கவே இல்லை, அந்த அணையைக் கட்டிய நம் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயரைச் சொன்னேன். கிழவி மட்டும் "வாயில நுழையுற பேரா வைங்கடா" என்று திட்டியது. நீ அன்றைக்குக் கிழவியையே எதிர்த்து நின்றவன். இப்போது ஒரு ட்யூஷன் சென்டர் கேலிக்கு விட்டுக்கொடுக்கிறாய்.

சரி, கோபத்தை விடுகிறேன். பையனின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. "குயிக், குயிக், சீக்கிரம் வாடா" என்று கிளாஸே சேர்ந்து கூப்பிட்டால் பதினேழு வயதில் அது தினமும் குத்துகிற முள். ஆனால் அந்தப் பெயரில் 'குயிக்' என்ற சொல்லே கிடையாது. அதைச் சொல்லத்தான் போனில் முடியாமல் கடிதம் எழுதுகிறேன். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

நீ சொன்ன மறுநாள் மனசு கேட்கவில்லை. மகளிடம் கேட்டேன், இங்கிருந்து பத்து மைல் தெற்கே அந்த ஊர் இருக்கிறது என்றாள். ஆமாம், பென்னிகுயிக் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். 37 ஆம் நம்பர் பஸ் போகிறது. நான் மட்டும் ஏறினேன். டிரைவரிடம் நாம் சொல்கிற மாதிரியே "பென்னிகுயிக்" என்றேன். அவர் தலையைச் சாய்த்து, கொஞ்சம் யோசித்து, "பெனிகுக்?" என்றார். பஸ் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைக் காட்டினேன். சிரித்தபடி இன்னொரு முறை, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிறுத்தி, "பெ-னி-குக்" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். அந்த டிக்கெட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பையனிடம் கொடு.

பழைய ஸ்காட் எழுத்து வழக்கில் 'புக்' என்பதை 'புயிக்' என்கிற மாதிரிதான் எழுதுவார்கள், படிப்பதோ வேறு மாதிரி. அந்த எழுத்தை நாம் ஆங்கிலமாகப் படித்து 'குயிக்' ஆக்கிவிட்டோம். அந்த வால் உண்மையில் 'குக்'. அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? இந்தப் பக்கத்தில் ஆங்கிலம் வருவதற்கு முன்னால் வெல்ஷ் மொழிக்கு உறவான ஒரு மொழி பேசினார்கள். அதில் 'பென்' என்றால் தலை, குன்று. 'கோக்' என்றால் குயில். பென்-ய்-கோக், குயிலின் குன்று. மாப்ளே, பஸ்ஸில் உட்கார்ந்து இதை மகள் போனில் படித்துக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்பம் பள்ளத்தாக்கில் குயில்குன்று என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைத்தால் கேலி செய்வார்களா?

ஊர் சின்னது. மேற்கே பென்ட்லேண்ட் மலைகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன, கீழே வடக்கு எஸ்க் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரை வைத்து 1709இலேயே காகித ஆலை போட்டிருக்கிறார்கள். முந்நூறு வருஷம் காகிதம் செய்த ஊர், இப்போது ஓர் ஆலையும் இல்லை. மலையும் ஆறும் அதைச் சார்ந்த பிழைப்புமாக இருந்ததால் எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

பெயர் எப்படி ஊரைவிட்டுக் கிளம்பியது என்பதுதான் விஷயம். நமக்கு ஊர்ப் பெயர் முன்னால் ஓர் எழுத்தாக ஒட்டிக்கொள்கிறது, இவர்களுக்குப் பின்னால் முழுசாக வரும். அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பம் முதலில் 'பெனிகுக்கைச் சேர்ந்த' என்று போட்டுக்கொண்டது. 1296இல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டுக்குப் பணிந்து ஸ்காட்லாந்தின் நிலக்காரர்கள் எழுதிக்கொடுத்த பட்டியலிலேயே அந்த ஊர் ஹியூ என்பவர் இருக்கிறார். அப்புறம் ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களையும் ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டிருப்பார்கள். ஊருக்குள்ளேயே இருப்பவனை எவன் ஊர்ப் பெயரால் கூப்பிடுவான்? ஆண்டிபட்டியில் இருக்கும்வரை உன் மாமனாரை யாரும் ஆண்டிபட்டியார் என்று சொன்னதில்லையே.

போன இடத்தில் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் ஒரே பெயர் பல பெயர் ஆகிவிட்டது. இப்போது பெரும்பாலும் 'பென்னிகுக்' என்று எளிதாக எழுதுகிறார்கள். எடின்பரோ சுற்றுவட்டாரத்திலும், கடலுக்கு அந்தப் பக்கம் ஃபைஃபிலும் இருக்கிறார்கள், கப்பலேறிக் கனடா, ஆஸ்திரேலியா என்று போனவர்களும் உண்டு. அந்தப் பழைய நீளமான எழுத்து, நம் கர்னல் எழுதிய எழுத்து, வெகு சிலரிடம்தான். உன் பையன் மார்க் ஷீட்டில் இருப்பது அந்த அரிய எழுத்துதான்.

அந்தப் பெயரைச் சுமந்தவர்களைக் கேள். ஒருவர் டாக்டர் அலெக்சாண்டர், 1652இல் பிறந்தவர். குதிரையில் நோயாளிகளைப் பார்க்கப் போகிற வழியில் ட்வீட்டேல் பகுதியின் ஆறு, மலை, செடிகொடியெல்லாம் பார்த்து வைத்து 1715இல் புத்தகமாகப் போட்டார், கவிதையும் எழுதினார். அதே பெயரில் எடின்பரோவில் இன்னொரு கவிஞரும் இருந்தார். அப்புறம் ராபர்ட் என்று ஒரு கப்பல் தலைவர். 1698இல் ஸ்காட்லாந்தே தன் சேமிப்பைப் போட்டு, பனாமா பக்கம் டேரியனில் குடியேற்றம் அமைக்க ஐந்து கப்பலில் சுமார் 1200 பேரை அனுப்பியது. அந்தக் கப்பல்களுக்கெல்லாம் தலைவர் அவர்தான். காய்ச்சலும் பட்டினியுமாகச் செத்து, மறுவருஷம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள், அவரும் கடலிலேயே இறந்துபோனார். அந்த நஷ்டம் ஸ்காட்லாந்து 1707இல் இங்கிலாந்தோடு சேர்ந்ததற்கு ஒரு காரணம். அந்த இணைப்பைப் பேசி முடித்த குழுவில் ஒருவர் யார் தெரியுமா? பெனிகுக் ஜான் கிளார்க்!

கிளார்க் எங்கே வந்தார் என்பாய். 17ஆம் நூற்றாண்டில் நிலம் பழைய குடும்பத்தின் கையைவிட்டுப் போய், பாரிஸில் வியாபாரம் செய்து சம்பாதித்த ஒரு கிளார்க் வாங்கினார். மண் ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம். பையன் பிசிக்ஸ் படிக்கிறானே, மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கேள். அந்த மாக்ஸ்வெல்லின் அப்பா இந்த பெனிகுக் கிளார்க் வீட்டுப் பிள்ளைதான். வேறொரு சொத்து வந்ததால் மாக்ஸ்வெல் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். பெயர் மாற்றுவது உலகத்தில் நடக்காத காரியம் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு பண்ணையை வாங்கிக்கொண்டு மாற்றினார். பையனுக்குக் கிடைக்கப்போவது என்ன?

இந்த நிலத்துக்கு ஒரு வேடிக்கையான நிபந்தனை உண்டு. ராஜா எடின்பரோ பக்கம் வேட்டைக்கு வந்தால், பெனிகுக் நிலக்காரர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து மூன்று தடவை கொம்பு ஊத வேண்டும். அதுதான் வரி. 'பக்ஸ்டேன்' என்று பெயர், திரும்பி வரும் வழியில் பிரெய்ட் சாலையில் இறங்கித் தேடிப் பார்த்தேன். சுவரை ஒட்டி ஒரு சொரசொரப்பான கல், பாசி படிந்து, நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லைவிடச் சின்னது. இந்த மாதம்தான் இவர்களுக்குப் புது ராஜா முடிசூட்டினார். அந்தக் கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது பையன் கேட்க வேண்டிய இடம். நம் கர்னலின் அப்பாவும் ஜான்தான், பிரிகேடியர். குடும்பத்துக்கு வேர் பெர்த்ஷயர் பக்கம். 1849 ஜனவரி 13, பஞ்சாபில் சிலியன்வாலா போர். சீக்கியர் பீரங்கிக்கு நேராகப் படையை நடத்திப் போய் விழுந்தார். கூடவே அவருடைய மகன் அலெக்சாண்டர், அதே ரெஜிமென்ட்டில் சேர்ந்திருந்த பதினேழு வயதுப் பையன். அப்பாவின் உடலை விட்டு நகராமல் காத்து நின்று, அங்கேயே சுடப்பட்டு அதன்மேல் விழுந்தான். அவர்கள் நம் நாட்டைப் பிடிக்க வந்த படை, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் பதினேழு வயது மாப்ளே. உன் பையன் வயது.

புனேயில் பிறந்த தம்பி ஜானுக்கு அப்போது எட்டு வயது முடிய இரண்டு நாள் பாக்கி. ஜனவரி 15. பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறோமே, அந்த நாள். அந்த எட்டு வயதுப் பையனுக்கு அந்தப் பிறந்தநாள் எப்படி வந்திருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே கிடந்தேன். இத்தனை வருஷம் நான் பொங்கல் பானைக்கு முன்னால் நின்றிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. அந்தப் பையன்தான் வளர்ந்து, மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பினார். 1887இல் தொடங்கி 1895இல் தண்ணீர். மீதி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் ஏழு குழி வயலே சொல்லும்.

அவருக்கு ஒரு மகன், ஐந்து மகள்கள். மகன் இங்கே பெரிய நீதிபதியாக இருந்து 1982இல் காலமானார். அதே எழுத்தில் பெயர் எழுதிய இன்னொருவர் காலின், பிரிஸ்டலில் பேராசிரியர், 2019இல் இறந்தார். வாழ்நாளெல்லாம் பறவை எப்படிப் பறக்கிறது என்று கணக்குப் போட்டவர். ஆப்பிரிக்காவில் செரங்கெட்டி சமவெளியில் கிளைடரில் ஏறி, கழுகுகள் சுற்றுகிற அதே காற்றில் அவற்றின் கூடவே பறந்து பார்த்திருக்கிறார். பெயரில் குயிலை வைத்துக்கொண்டு!

பெனிகுக்கில் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் சுற்றினேன். கிளார்க் குடும்பத்துக்குப் பெரிய கல் மண்டபமே இருக்கிறது. பழைய குடும்பம் ஊரில் இல்லை, அந்த எழுத்து இந்த நாட்டிலேயே அபூர்வம். நம் தெருவில் மட்டும் மூன்று பேருக்கு அதுதான் பெயர், அதுவும் குடும்பப் பெயராக இல்லை, அம்மா கூப்பிடுகிற பெயராக. தேனி பஸ் ஸ்டாண்டில் எழுதியிருக்கிறது. போன வருஷம் இங்கிலாந்தில் கேம்பர்லியில் நம் தமிழ்நாடு அரசு கர்னலுக்குச் சிலையும் வைத்தது. அந்த மூன்று பேரில் ஒருவனை நீ குறைக்கப் பார்க்கிறாய்.

நான் வரும்வரை கையெழுத்துப் போடாதே. இதை நட்பின் உரிமையில் சொல்கிறேன். பையனை ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் மாலை ஆறு மணிக்கு எனக்குப் போன் போடச் சொல். 'பெனிகுக்' என்று எப்படிச் சொல்வது என்று அந்த டிரைவர் சொன்ன மாதிரியே சொல்லிக்கொடுக்கிறேன். கேலி செய்கிறவனிடம் முதலில் உச்சரிப்பைத் திருத்தட்டும், அப்புறம் அர்த்தம் சொல்லட்டும். எல்லாம் கேட்ட பிறகும் பிரவீன்தான் வேண்டும் என்றால் அது அவன் பெயர், அவன் முடிவு. நான் வந்து பக்கத்தில் நின்று அந்தத் தாளைக் கொடுக்கிறேன். ஆனால் தெரியாமல் விடக்கூடாது.

வாத்தியாரிடம் நான் கேட்டதாகச் சொல். தென்னைக்கு உரம் வைத்தாயா? தங்கச்சியிடம் மாத்திரையை விடாமல் போடச் சொல். முதல் போகத்துக்கு ஜூன் ஒன்றாம் தேதி திறப்பார்கள் என்று பேச்சு இருக்கிறதா? அணையில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று எழுது.

உன்
சுருளி