சலவை நோட்டும் முறுகல் தோசையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பக்கத்தில் தோசை, பக்கோடா, வெள்ளரிக்காய் மூன்றுமே 'கிரிஸ்பி'யாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே வாரம்தான் பேத்தியின் வீட்டுப்பாடத்தில் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருந்தேன். 'கிரிஸ்ப் ஹண்ட்ரட் ருபீ நோட்' என்பதை 'மொறுமொறுப்பான நூறு ரூபாய் நோட்டு' என்று எழுதிவைத்திருந்தாள். அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

முப்பது வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். புதுக்கட்டைப் பிரித்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும்; இரண்டு தரம் விசிறிவிட்டுத்தான் எண்ண வேண்டும். விளிம்பு சில நேரம் விரலைக் கீறிவிடும். "மொய் எழுதணும் சார், சலவை நோட்டா குடுங்க" என்றுதான் கேட்பார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியின் மொடமொடப்பு அது. கடித்துத் தின்னும் மொறுமொறுப்பு வேறு.

லத்தீனில் 'கிரிஸ்பஸ்' என்றால் சுருண்டது. பழைய ஆங்கிலத்திலும் 'கிரிஸ்ப்' என்பது சுருட்டை முடிக்கான சொல். மொறுமொறுப்பு என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. சுளுக்குக்குக் கட்டுகிறோமே கிரேப் பேண்டேஜ், அதுவும் இதே வேர்தான். நம் 'முறுகு' என்ற சொல்லும் ஏறக்குறைய இப்படித்தான். 'முறுக வாங்கிக் கடைய' என்று அப்பர் பாடியது கயிற்றை இறுக்கி இழுப்பதை. ஓட்டலில் நாம் கேட்பது முறுகல் தோசையை.

ஆனால் நாம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறோம். தோசை என்றால் முறுகல், பக்கோடா என்றால் மொறுமொறு, பிஞ்சு வெள்ளரி என்றால் நறுக். வளவளவென்று இழுக்காமல் பேசுகிறவரையும் 'நறுக்கென்று பேசினார்' என்போம்; ஆங்கிலத்தில் அதற்கும் கிரிஸ்ப்தான். அப்புறம், காற்றுப் பட்ட அப்பளம் நமத்துப்போகும். அதை, ஊறிப்போனதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'சாகி' (soggy) என்று எழுதினீர்களானால், சாம்பாரில் ஊறிய அப்பளம் என்றுதான் நினைப்பேன்.

சமையல் பக்கத்தை எழுதுகிறவர் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதட்டுமே.

பேத்தி, நான் சொன்னபடி 'சலவை நோட்டு' என்று மாற்றி எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, "துவைத்த நோட்டா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
கும்பகோணம்.