மேசைமேல் ஓர் ஆறறைப் பெட்டி

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய மேசைப் படத்தைப் பார்த்தேன். பேனா, சார்ஜர் வயர், ஒட்டுத்தாள், பேருந்து ரயிலில் தட்டும் ஈஸிலிங்க் அட்டை எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. பொங்கோல் வீட்டு மேசை அகலம் குறைந்தது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் தட்டை வைத்தால் பாதி இடம் போய்விடும். உன்னிடம் இருக்கும் பொருள்களின் அளவுக்கு ஆறு அறை கொண்ட அட்டைப் பெட்டி ஒன்றை நீயே செய்துகொள். ஒரு பிற்பகல் போதும், பசை காய ஓர் இரவு.

அட்டையில் கவனமாக இரு. இணையத்தில் வாங்கிய பொருள் வந்த பெட்டியில், மடிப்பே விழாத ஒரு பக்கம் 36 × 28 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். உள்தடுப்புகளுக்கு அலுவலகத்தில் ஏ4 தாள் வரும் பெட்டி நல்லது. 80 கிராம் தாள் 500 கொண்ட ஒரு கட்டே ஏறக்குறைய 2.5 கிலோ. ஐந்து கட்டைச் சுமந்த அட்டை விறைப்பாகத்தான் இருக்கும். ஈரம் பட்டதும் எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம். நெளி அட்டையை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுகிறார்கள், இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது தீனி.

எஃகு ரூலர் ஒன்று வாங்கிக்கொள் மா, பாப்புலர் புத்தகக் கடையில் கிடைக்கும். பிளாஸ்டிக் ரூலரில் பென்னைஃப் கத்தி ஏறி விரலுக்கு வந்துவிடும். கத்தி முனை மழுங்கினால் உடனே ஒரு துண்டை ஒடித்துவிடு. மழுங்கிய கத்தி அட்டையை வெட்டாது, கிழிக்கும். இவை தவிர வெள்ளைப் பசை, மாஸ்கிங் டேப், 25 மி.மீ. பைண்டர் கிளிப் நான்கு, ரப்பர் பேண்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா.

நான் சொல்லும் அளவெல்லாம் 3 மி.மீ. கன அட்டைக்கு. உன் அட்டையை முதலில் அளந்து பார், கனம் மாறினால் கணக்கும் மாறும்.

அட்டையை 34.3 × 26.3 செ.மீ. அளவில் வெட்டி, நான்கு பக்கமும் ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே கோடு போடு. நடுவில் 24.3 × 16.3 நிற்கும். அந்தக் கூடுதல் 3 மி.மீ.யை விட்டுவிடாதே. சுவரை மடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் அட்டைக் கனத்தில் பாதி உள்ளே போகும், கடைசியில் உள் அளவு சரியாக 24 × 16 வரும். மடிப்புக் கோட்டில் கத்தி வைக்காமல், மை தீர்ந்த பேனாவால் ரூலரை ஒட்டி மூன்று தடவை அழுத்தி இழு. அட்டைக்குள் ஓடும் நெளிக்கு இணையாகப் போகும் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போடு, இல்லையென்றால் மடிப்பு பக்கத்துப் பள்ளத்துக்கு வழுக்கிவிடும்.

மூலையில் வரும் 5 செ.மீ. சதுரங்களை வெட்டி எறியாதே. குறுகிய சுவரோடு சேரும் கோட்டை மட்டும் வெட்டு. சதுரம் நீளச் சுவரோடு நிற்கும், அதை மடித்துக் குறுகிய சுவரின் வெளிப்புறம் ஒட்ட வேண்டும். அதன் மடிப்பை 3 மி.மீ. வெளியே தள்ளிப் போடு, குறுகிய சுவரின் இரு ஓரத்திலும் 2 மி.மீ. சீவிவிடு. இதைச் செய்யாவிட்டால் மூலை பிதுங்கும், பெட்டி சதுரமாக நிற்காது.

பசையை மெல்லியதாகத் தடவு. அதிகமானால் அட்டை ஊறி வளையும். மூலைக்கு ஒரு கிளிப்பை மேலிருந்து மாட்டு, பல் பதியாமல் இருக்க இடையில் கெட்டித் தாள் வை. கீழ்ப்பகுதிக்குக் கிளிப் எட்டாது, அங்கே ரப்பர் பேண்டால் சுற்று. நம் சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். அதனால் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் காலைவரை கழற்றாதே. அவசரத்துக்கு ஸ்டேப்ளரும் வேண்டாம்: 10ஆம் எண் ஊசியின் கால் ஏறக்குறைய 5 மி.மீ., இரண்டு அட்டை சேர்ந்தால் 6 மி.மீ. முனை மறுபக்கம் வந்து மடங்காது, இரண்டு நாளில் கழன்றுவிடும்.

தடுப்புக்கு 4.8 செ.மீ. உயரத்தில் 24 செ.மீ. நீளப் பட்டை ஒன்று, 16 செ.மீ. பட்டை இரண்டு. நெளி மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டு, அப்போதுதான் மேலே அழுத்தினாலும் நசுங்காது. நீளப் பட்டையில் 7.8 செ.மீ.யிலும் 15.9 செ.மீ.யிலும் தொடங்கி 3 மி.மீ. அகலக் கீறல், மேலிருந்து 2.4 செ.மீ. ஆழம். சிறிய பட்டைகளில் 7.85 செ.மீ.யில் தொடங்கி, கீழிருந்து அதே ஆழம். கீறலைச் சற்றுக் குறுகலாகவே வெட்டி, பொருத்திப் பார்த்துப் பிறகு சீவு. அகலமாகிவிட்டால் தடுப்பு ஆடிக்கொண்டே இருக்கும், அதற்கு மருந்தில்லை. ஒன்றில் ஒன்று மாட்டி உள்ளே இறக்கினால் ஆறு அறை. இதற்குப் பசை போடாதே, பின்னால் மாற்ற வசதியாக இருக்கும்.

ஒவ்வோர் அறையும் 7.8 செ.மீ. ஒட்டுத்தாள் 7.6 செ.மீ., விரல் நுழைய இடமில்லை. ஆகவே அந்த அறையின் முன்சுவரில் 2.5 செ.மீ. அகலத்துக்கு அரைவட்டம் வெட்டிவிடு. ஈஸிலிங்க் அட்டை 8.56 செ.மீ. நீளம், படுக்காது. குறுகிய பக்கம் கீழே வர நிறுத்தி வை. பேனாவுக்கு 5 செ.மீ. சுவர் போதாது, சாயும். பின்வரிசையில் காலியான 400 கிராம் பேக்டு பீன்ஸ் டின்னை இறக்கு. விட்டம் 7.3, உயரம் 11 செ.மீ., இதற்கென்றே செய்தது போல உட்காரும். டின் வாயைக் கரண்டியின் முதுகால் அழுத்தி, மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டு. நன்றாகக் காயாத டின்னை வைத்தால் அடி அட்டை ஊறிப்போகும்.

வெட்டிய ஓரங்கள் அத்தனைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டு, பூச்சி நுழையும் வழி அதுதான். அழகுக்கு வண்ணத்தாள் ஒட்டுவதானால் அட்டையை வெட்டுவதற்கு முன்பே இரு பக்கமும் ஒட்டிக் காயவிட்டு, கனத்தை மறுபடி அள. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது தாள் சுருங்கி அட்டையை இழுத்து வளைக்கும்.

மூலையிலிருந்து கழற்றிய கிளிப்பில் ஒன்றைப் பின்சுவரில் மாட்டு. அதன் கம்பிக் காதை அமுக்கிக் கழற்றி, சார்ஜர் வயரை உள்ளே விட்டுத் திரும்பப் பொருத்து. வயரின் தலை காதுக்குள் நுழையாது, அதனால் கீழே நழுவாது. மாப்பிள்ளை வயருக்கும் இன்னொன்று மாட்டிக்கொடு.

அன்புடன்,
அப்பா