ஜீப்பு டாப்பு ஒழுகுனா மேல பூசாதீங்க, தண்ணி வர்ற வழிய பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மழைக்காலத்துக்கு வண்டிய எப்படி தயார் பண்றதுன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, டயரு வைப்பரு பேட்டரி பத்தி சொன்னதெல்லாம் சரி, ஆனா பழைய ஜீப்பு கூரை ஒழுகுனா சிலிக்கான் வாங்கி அடிச்சா போதும்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வரிய நம்பி நான் மூணு வருஷம் வீணாக்குனவன். அதனாலதான் எழுதுறேன்.

நான் நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கம் விவசாயம் பண்றேன். எங்க அப்பா 1996-ல ஏலத்துல எடுத்த மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பு இன்னும் ஓடுது, அந்த டீசல் இன்ஜின நாங்க ரெண்டு தடவ வேலை பாத்திருக்கோம் அவ்வளவுதான். வண்டி வந்தப்ப படுதா டாப்பு, அப்புறம் அப்பா தகர டாப்பு கட்டுனாரு. கஜா புயல் அன்னிக்கு, 2018 நவம்பர் 16 விடியகாலையில, கொல்லையில நின்ன தென்னை முறிஞ்சு இடது பக்க ஓரத்துல உரசிக்கிட்டு விழுந்துச்சு. டாப்பு நசுங்கல, ஓரம் மட்டும் லேசா வளைஞ்சுது. மரத்த வெட்டி ரோட்ட திறந்ததும் அதே ஜீப்புலதான் பக்கத்து தெரு குழந்தைங்களுக்கு பாலும் தண்ணி கேனும் ஏத்திக்கிட்டு வந்தோம், அப்போ ஓரத்த யாரு பாக்குறது.

அடுத்த மழையில இடது பக்க சீட்டு நனைய ஆரம்பிச்சுது. விண்ட்ஷீல்டு ஃப்ரேமும் டாப்பும் சேர்ற மூலையில இருந்து சொட்டு சொட்டா. பட்டறையில காட்டுனேன் (எந்த பட்டறைன்னு வேண்டாம்), மூலையில சிலிக்கான் அடிச்சு, ரெண்டு உருண்டைய பிசைஞ்சு வைக்கிற பேஸ்ட்டையும் வச்சு, 1,800 ரூபா வாங்குனாங்க. ஒரு மாசம் நின்னுச்சு. அப்புறம் முன்னவிட ஜாஸ்தியா ஒழுகுச்சு. திரும்ப அதுக்கு மேலயே பூசுனாங்க. ஒரு வருஷம் ஆவணியில சம்பாவுக்கு விதை நெல்லு சிஆர் 1009 ரெண்டு மூட்டை வாங்கி பின்னாடி போட்டுட்டு வந்தேன், ராத்திரி இடி மழை, மறந்தாப்புல மூட்டைய இறக்காம விட்டுட்டேன், மூணாம் நாள் பிரிச்சா ஒரு பக்கம் பூரா முளை விட்டு வேரும் வேரும் பின்னி சாக்கோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த நெல்ல கையில அள்ளுனப்ப எனக்கு வந்த வயித்தெரிச்சல் சொல்லி மாளாது.

அதுக்கப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். நம்ம வயல்ல வரப்பு கசிஞ்சா என்ன பண்ணுவோம்? தண்ணி வெளிய வர்ற பக்கம் சேற அப்புனா நிக்குமா? உள்பக்கம் தண்ணி நிக்கிற சைடுல நண்டு வளை எங்கன்னு கால வச்சு தேடி அங்கதான அடைப்போம். ஜீப்பு டாப்பும் அதேதான்ங்க. சொட்டுற இடம் ஒண்ணு, தண்ணி நுழையிற இடம் ஒண்ணு. தகரத்துக்கு அடியில இருக்குற சட்டத்த புடிச்சிக்கிட்டே தண்ணி நாலடி அஞ்சடி போயி பள்ளமா இருக்குற இடத்துலதான் சொட்டும். எங்க களம் கிழக்கால சரிவு, வண்டி மூக்கு கீழ பாத்து நிக்கும், அதனால அனேகமா முன்னாடியே சொட்டிருக்கு. ஒரு நாள் திருப்பி நிறுத்தி பாத்தேன், பின் சீட்டு நனைஞ்சுது!

அப்புறம் உள்ள இருந்த ரெக்ஸின் லைனிங்க மொத்தமா கழட்டிட்டேன். அடியில இருந்த ஸ்பாஞ்சு பிழிஞ்சா தண்ணி வருது, ஒரே பூஞ்ச நாத்தம். காய வச்சுட்டு ஜாயின்ட் எல்லாத்துலயும் உள்பக்கமா பள்ளிக்கூடத்து சாக்பீஸ நல்லா தேச்சேன், ஈரம் பட்டா அந்த கோடு கருக்கும்ல. என் பொண்ணு டார்ச்ச புடிச்சிக்கிட்டு உள்ள உக்காந்துச்சு, நான் வெளியில ஓஸ் பைப்ப வச்சு, வேகமா பீச்சாம சும்மா ஓட விட்டு, கீழ இருந்து மேல வந்தேன். இது முக்கியம், மொதல்லயே உச்சியில ஊத்துனா எல்லா இடமும் நனைஞ்சு எதுன்னே தெரியாது. கண்ணாடிய சுத்தி இருக்குற ரப்பர் பீடிங்ல அஞ்சு நிமிஷம், ஃப்ரேம் மூலையில அஞ்சு நிமிஷம், ஒண்ணும் வரல. இடது ஓரத்துல பின் சக்கரத்துக்கு நேரா வந்தப்ப, "அப்பா நிறுத்துங்க, இந்தா வருது வருது"ன்னு கத்துச்சு. பாத்தா சாக்பீஸ் கோட்டுல ஒரு விரக்கட அளவுக்கு கருப்பு, அங்கேருந்து சட்டத்து மேல பாம்பு மாதிரி முன்னாடி ஓடுது. மூணு வருஷமா பூசுனது முன் மூலையில, ஓட்டை இருந்தது நாலஞ்சடி பின்னாடி.

இன்னொன்னு சொல்லணும். டாப்போட ரெண்டு ஓரத்துலயும் மழைத்தண்ணி வடியிறதுக்கு சின்ன வாய்க்கா மாதிரி தகர மடிப்பு இருக்கும், அதோட வாய் முன்னாடியும் பின்னாடியும் திறந்து இருக்கணும். முன் வாய்ல தண்ணி சொட்டுறத பாத்துட்டு பட்டறைக்காரங்க அதையே சிலிக்கான் வச்சு அடைச்சிருந்தாங்க. வடிகால அடைச்சா வயல் என்ன ஆகும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? தண்ணி மடிப்புக்குள்ள அரை இஞ்சு நின்னு, தென்னை உரசி விரிசல் விட்ட ஜாயின்ட் வழியா உள்ள இறங்கிருக்கு. ரெண்டாவது தடவ ஜாஸ்தியா ஒழுகுனதுக்கு இதுதான் காரணம்.

பிளேடு வச்சு அந்த சிலிக்கான உரிச்சப்ப கீழ தகரம் பொரிஞ்சு போயி பொறுக்கு பொறுக்கா வந்துச்சு. அடிக்கும்போது வினிகர் மாதிரி புளிச்ச வாடை வருதே, அந்த ரகம் காயும்போது ஆசிட்ட வெளிய விடும், வெறும் தகரத்துல பட்டா துரு சீக்கிரம் புடிக்கும். அது மேல பெயின்ட்டும் நிக்காது. ஏற்கனவே எங்க பக்கம் கடல் காத்து, உப்பு, தகரத்துக்கு சும்மாவே ஆயுசு கம்மி.

வேலைய இப்படித்தான் பாத்தோம். தெரிஞ்ச டிங்கர் அண்ணன் ஒருத்தர் வந்தாரு, பழைய பூச்சு ஒண்ணு விடாம சுரண்டி கம்பி பிரஷ் போட்டு வெள்ளையா தகரம் தெரியிற வரைக்கும் தேச்சாரு, ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாத்து உள்ள போன இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டு புது தகரம் வச்சு வெல்டிங் பண்ணாரு. வெட்டாம துரு மேலயே பட்டி (பள்ளத்த நிரப்புற பசை) பாத்து மறைக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ஜீப்பு பாடி வரப்புல போகும்போது முறுக்கும், பட்டி விரிஞ்சிடும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி வயர கழட்டிடுங்க, லைனிங் ஸ்பாஞ்சு உள்ள இருந்தா பத்திக்கும், பக்கத்துல தண்ணி வாளி இருக்கட்டும். மிச்சம் இருக்குற துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த மருந்து கடையில கிடைக்குது, கையுறை போட்டுக்கிட்டு தடவுனா துரு கருப்பா மாறும், அது நல்லா காஞ்சப்புறம் பெயின்ட்டுக்கு அடியில அடிக்கிற எபாக்ஸி பிரைமர். ஜாயின்ட்டுக்கு சிலிக்கான் வேண்டாம், பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்னு கேட்டு வாங்குங்க, அது ரப்பர் மாதிரி இழுத்து கொடுக்கும், மேல பெயின்ட்டும் அடிக்கலாம், அடிச்சே ஆகணும், இல்லன்னா வெயில்ல வெடிக்கும். மேல தோல் கட்டிடுச்சுன்னு உடனே வண்டிய எடுக்காதீங்க, உள்ள காய ரெண்டு நாள் விடுங்க. டாப்பு போல்ட்டுக்கெல்லாம் சைக்கிள் டியூப்ப வெட்டி வாஷரா போட்டிருந்தோம், எல்லாம் பொடிஞ்சு போயிருந்துச்சு, புது ரப்பர் வாஷர் போட்டு ஒண்ண முழுசா முறுக்காம மாத்தி மாத்தி முறுக்குனாரு. கடைசியா அந்த மடிப்போட ரெண்டு வாயையும் கம்பி விட்டு திறந்து விட்டோம்.

படுதா டாப்பு வச்சிருக்குறவங்க தையல் ஓரத்த மட்டும் பாருங்க, துணி நல்லா இருந்தாலும் ஊசி ஓட்டை வழியாதான் இறங்கும், நல்லா காஞ்ச துணியில தையல் மேல மெழுகுவத்திய அழுத்தி தேச்சா ஒரு மழைக்காலம் தாங்கும்.

ஒழுகல்னா சீட்டு நனையிறது மட்டும் இல்ல. தண்ணி கால் மிதிக்கிற ரப்பர் விரிப்புக்கு அடியில போயி நின்னு ஃப்ளோர் தகரத்த தின்னுடுது, எனக்கு டிரைவர் கால் பக்கத்துல கைய விட்டா தரை தெரிஞ்சுது. 15 வருஷம் தாண்டுன சொந்த உபயோக வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ எஃப்சி (தகுதிச் சான்று) பாக்கணும், அந்த நிலைமையில எப்படி கொண்டு போயி நிறுத்துறது. நல்ல இன்ஜின் இருக்குற ஜீப்ப டாப்பு ஒழுகுதுன்னு காயலாங்கடையில எடைக்கு போட்டவங்கள எனக்கு தெரியும், மனசு ஆறல.

நாகப்பட்டினம் பக்கம் வருஷ மழையில பாதிக்கு மேல ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள கொட்டிடும். இப்ப புரட்டாசி வெயில் இருக்கு, பிரைமர் காயும், சீலன்ட் காயும். ஐப்பசி அடைமழை புடிச்சிடுச்சுன்னா ஈரத் தகரத்துல எதுவும் ஒட்டாது. அதனால ஐயா, இந்த கடுதாசிய முழுசா போட முடியலன்னாலும் சாக்பீஸ் விஷயத்தையும் வடியிற வாய அடைக்க கூடாதுங்குறதையும் மட்டுமாவது அடுத்த வாரமே போடுங்க.

எங்க வண்டியில பின் கதவு மேல் மூலையில இன்னும் ஒரு சொட்டு வருது. ரப்பர் பீடிங்தான்னு நினைக்கிறேன், ஆனா பூசல. ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு லீவு, டார்ச்ச குடுத்து உள்ள உக்கார வச்சு பாக்கணும்.

இப்படிக்கு,
தலைஞாயிறு பக்கத்து விவசாயி ஒருத்தர்