பழுதே இல்லாத டிவிடி டிரைவை மாற்றிக் கட்டணம் வாங்கியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

உங்களிடம் வாங்கிய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவும்போது டிவிடி டிரைவ் தெரியவில்லை என்று புகார் கொடுத்திருந்தேன். உங்கள் பொறியாளர் வந்து டிரைவை மாற்றினார், கட்டணம் வாங்கிக்கொண்டார். 'தீர்க்கப்பட்டது' என்று புகாரும் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த டிரைவில் எந்தப் பழுதும் இல்லை.

டிவிடியிலிருந்து கணினி ஒழுங்காகவே பூட் ஆனது. இன்ஸ்டாலர் வந்தது, மொழியும் விசைப்பலகையும் கேட்டது. அப்புறம், சிடி டிரைவ் எதுவும் கண்டறியப்படவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. எந்த டிரைவிலிருந்து ஏறி வந்ததோ, அதையே காணோம் என்கிறது! உங்கள் உதவி எண்ணில் பேசியவர் டிஸ்க் சரியில்லை என்றார். டிஸ்க்கில் எழுதிய ஐஎஸ்ஓ கோப்பின் செக்சம் (கோப்பு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்துகிறது, அதே டிஸ்க் இன்னொரு கணினியில் கடைசிவரை ஓடுகிறது என்றேன். அப்படியானால் டிரைவ்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

பூட் ஆகும்போது டிஸ்க்கைப் படிப்பது, மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏறியதும் அந்த வேலை அதன் கைக்கு மாறிவிடும். சாட்டா கன்ட்ரோலருக்கான (டிரைவ்கள் இணையும் போர்ட்டுகளை இயக்கும் சிப்) தன் சொந்த டிரைவர் மென்பொருளைக் கொண்டுதான் கர்னல் டிவிடி டிரைவைத் தேட வேண்டும். முதல் பாதி நடந்து இரண்டாம் பாதி நடக்கவில்லை என்றால் சந்தேகம் கன்ட்ரோலர் மேல் அல்லவா போக வேண்டும்? ஆல்ட், எஃப்2 விசைகளை அழுத்தி அடுத்த கன்சோலுக்குப் போய்க் கர்னல் செய்திகளைப் பார்த்தேன். 7-ஆம் சாட்டா போர்ட்டில் 1.5 ஜிபிபிஎஸ் வேகத்தில் இணைப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் சாதனத்தை அடையாளம் கேட்கும் கட்டளைக்குப் பதில் வராமல் டைம்அவுட் ஆகிறது. அதனால்தான் டிவிடி டிரைவுக்கு லினக்ஸ் தரும் எஸ்ஆர்0 என்ற சாதனப் பெயர் உருவாகவே இல்லை. இதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். "விண்டோஸில் வேலை செய்கிறதே" என்று ஒரே வரியில் பதில் வந்தது. சரி, விண்டோஸில் வேலை செய்யும் டிரைவ் எப்படிப் பழுதான டிரைவ் ஆகும்?

பென்டிரைவில் நிறுவிக்கொள்ளுங்கள் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். நிறுவலாம்தான். நிறுவி முடித்த பிறகும் அதே போர்ட், அதே கர்னல். டிவிடி டிரைவ் அப்போதும் தெரியாது.

பொறியாளர் மாட்டிய புது டிரைவும் அதே இடத்தில் அதே பிழையைக் காட்டியது. நான் வற்புறுத்திய பிறகுதான், கேபிளை அந்தப் போர்ட்டிலிருந்து பிடுங்கி, மெயின் சிப்செட்டின் (மதர்போர்டின் முதன்மைச் சிப்) போர்ட் ஒன்றில் செருகினார். இன்ஸ்டாலர் உடனே டிரைவைக் கண்டுபிடித்துவிட்டது. பழைய டிரைவை அங்கே மாட்டிப் பார்க்கச் சொன்னதற்கு, நேரமில்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். (அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தரப்பட்ட வேலை டிரைவை மாற்றுவது மட்டும்தான்.)

மதர்போர்டில் கடைசி 2 போர்ட்டுகள் தனியான ஒரு கூடுதல் சிப்பில் ஓடுகின்றன. கையேட்டில் 8 போர்ட்டுகளும் ஒரே வரிசையில், ஒன்றுபோலவே போடப்பட்டிருக்கின்றன. டிரைவை அந்தக் கூடுதல் போர்ட்டில் இணைத்து அனுப்பியதும் உங்கள் தொழிற்சாலைதான். விவரக்குறிப்பிலோ 'லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள்.

வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். என் பழைய டிரைவையும் திருப்பி அனுப்புங்கள், புதியதை எடுத்துக்கொள்ளலாம். சர்வீஸ் அறிக்கையில் 'டிரைவ் பழுது' என்று இருப்பதை நீக்கி, போர்ட் மாற்றியதால் சரியானது என்று எழுதித் தர வேண்டும். நாளைக்கு வாரண்டி கேட்கும்போது எனக்கு அது தேவைப்படும். கையேட்டில் எந்தப் போர்ட் எந்த சிப்பைச் சேர்ந்தது என்று குறிப்பிடுங்கள். அந்தச் சிப்புக்குப் பயாஸ் அப்டேட் வருமா, வராதா என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். வராது என்றால் 'லினக்ஸ் ஆதரவு' என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

பில், சர்வீஸ் அறிக்கை, கேபிள் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கன்சோல் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்