அனுப்பும் முன்பே கட்டணத்தைக் காட்டுங்கள்

கிரிப்டோ பணப்பைச் செயலிகளையும் பரிமாற்றத் தளங்களையும் நடத்தும் நிறுவனத்தாருக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளில் சிறு கடைக்காரர்களுக்கும் மாதச் சம்பளக்காரர்களுக்கும் வருமான வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். அவர்களுள் இளையவர்கள் சிலர் பிட்காயினைச் சிறுகச் சிறுக வாங்கித் தங்கள் சொந்தப் பணப்பையில் சேர்த்துவைக்கிறார்கள். சேர்த்ததை அனுப்பும்போது எவ்வளவு கட்டணம் ஆகும் என்பதை, உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, ரூபாயில் அவர்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

யூபிஐயில் கட்டணமின்றிப் பணம் அனுப்பிப் பழகிய இவர்கள், கட்டணம் உண்டென்றால் அது அனுப்பும் தொகையில் ஒரு விழுக்காடாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறார்கள். பிட்காயினில் தொகையைப் பார்த்துக் கட்டணம் அமைவதில்லை. பரிவர்த்தனை எத்தனை பைட் இடத்தை அடைக்கிறது, அந்நேர நெரிசலில் ஒரு பைட்டுக்கு எத்தனை சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) தர வேண்டியிருக்கிறது என்னும் இரண்டையும் பெருக்கி வருவதே கட்டணம். ஒரே வரவிலிருந்து, அதாவது முன்பு பணப்பைக்கு வந்துசேர்ந்த ஒரே தொகையிலிருந்து, எடுத்து ஒருவருக்கு அனுப்பி, மீதியைத் தன் பணப்பைக்கே திருப்பிக்கொள்ளும் பரிவர்த்தனை, இடத்தைச் சிக்கனப்படுத்தும் செக்விட் வகை முகவரிகளில் சுமார் 140 மெய்நிகர் பைட் (கட்டணம் கணக்கிடப் பயன்படும் அளவு) பிடிக்கும். அதே தொகையைப் பத்துச் சிறு வரவுகளிலிருந்து திரட்டி அனுப்பினால் ஏறத்தாழ 750 ஆகிவிடும். பைட்டுக்கு 20 சடோஷி என்று கொண்டால், முன்னதற்கு 2,800 சடோஷி, பின்னதற்கு 15,000. சிறுவாடு சேர்ப்பதுபோலச் சேர்த்தவர்தான் அதிகம் கொடுக்கிறார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நெரிசல் எப்போதும் ஒரேபோல் இருப்பதில்லை. 2024 ஏப்ரல் 20 அன்று, பரிவர்த்தனைகளைத் தொகுதி தொகுதியாகப் பதிவுசெய்யும் சுரங்கத்தாருக்குக் கிடைக்கும் வெகுமதி பாதியாகக் குறைந்த அதே தொகுதியில், பிட்காயின் வலைப்பின்னல் மீதே உருவாக்கப்படும் ரூன்ஸ் டோக்கன்களும் தொடங்கியதால், கட்டணம் பல மடங்கு ஏறிப் பின்னர் தணிந்தது. அவசரமில்லாதவர் அன்று பொறுத்திருக்கலாம். எத்தீரியம் என்னும் மற்றொரு கிரிப்டோ வலைப்பின்னலிலோ, எளிய அனுப்புதலுக்கு 21,000 கேஸ் (வேலையளவின் அலகு) என்பது நிலையானது என்றாலும், ஒரு கேஸுக்கான அடிப்படைக் கட்டணம் ஒவ்வொரு தொகுதிக்கும் 12.5 விழுக்காடு வரை ஏறவோ இறங்கவோ கூடும்; தொகுதியில் ஏறிய பின் தோல்வியுறும் பரிவர்த்தனைக்கும் கட்டணம் போய்விடும்.

கணக்கு எழுதுபவனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிப்டோ இலாபத்தின் மீது 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள 30 விழுக்காடு வரியில், வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் இலாபத்தில் கழிக்க இடமில்லை. ஆகவே அனுப்பும் கட்டணம் முழுவதும் அவர்கள் கையை விட்டே போகிறது.

'மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக' என்னும் மூன்று பொத்தான்கள் மட்டும் போதா. எத்தனை வரவுகள் திரட்டப்படுகின்றன, அதனால் கட்டணம் எவ்வளவு கூடுகிறது, பரிவர்த்தனை உறுதிப்பட ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆகலாம் என்பவற்றைத் தமிழிலும் காட்டுங்கள். வலைப்பின்னலுக்குச் செல்லும் கட்டணத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் தொகையையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். குறைந்த கட்டணத்தால் தேங்கி நிற்கும் பிட்காயின் பரிவர்த்தனைக்குக் கட்டணத்தை உயர்த்தி மறுபடி அனுப்பும் வசதியை, அமைப்புகளின் அடியில் ஒளித்துவைக்காமல், அந்தப் பரிவர்த்தனையின் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வரிக் கணக்காளர் ஒருவர்