எடைக்குப் போகும் உபயங்கள்: பர்மாத் தமிழ்க் கோயில் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு வணக்கம்.

பழைய காசுக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் பித்தளை விளக்குக்கும் மதிப்புச் சொல்வதே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். இரங்கூனிலும் பெகுவிலும் மௌல்மேனிலும் உள்ள நம் கோயில்களின் உக்கிராண அறைகளுக்குள், அதாவது சாமான் வைக்கும் அறைகளுக்குள், பலமுறை சென்று வந்தவன் என்ற உரிமையில், உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கோயிலின் பழம்பொருள் எதையும் எடைக்குப் போடாதீர்கள். வாங்க வந்தவரையே மதிப்புச் சொல்லவும் விடாதீர்கள்.

சென்ற ஆண்டு, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கோயிலில், கூரை வேலைக்குப் பணம் சேர்ப்பதற்காகப் பழைய பித்தளைச் சாமான்களை ஒரு வியாபாரிக்குக் கொடுத்தார்கள். ஒரு ஜோடிக் குத்துவிளக்குகளில் ஒன்று அதற்கு முந்தின வாரமே போய்விட்டது. நான் போனபோது மற்றொன்று தராசில் இருந்தது. ஒன்பது வீசை, அதாவது ஏறக்குறைய 14.7 கிலோ. (பர்மா வீசை சுமார் 1.63 கிலோ, நம் முன்னோர் மதராசில் புழங்கிய வீசை அதைவிடச் சிறியது. ஊர்க் கணக்கை மனத்தில் வைத்துப் பேரம் பேசி ஏமாந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.) அடித்தட்டில் எழுத்து வெட்டியிருப்பதால் அரை வீசை கழிக்க வேண்டும் என்று வியாபாரி சொல்ல, நிர்வாகிகளும் தலையசைத்துவிட்டார்கள்.

அந்த எழுத்தைக் குனிந்து படித்தேன். “பிலவ வருடம்” என்றும், “மதுரை ஜில்லா காரைக்குடி” என்றும், அதன்பின் உபயதாரரின் பெயரும் இருந்தன. பிலவ ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1901-இலும் வந்தது, 1961-இலும் வந்தது. எனவே ஆண்டின் பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. ஆனால் இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டது. காரைக்குடியும் அப்போது இராமநாதபுரத்துக்குப் போனது, 1961-இலும் அதில்தான் இருந்தது. 1961-இல் விளக்குச் செய்வித்தவர் தம் ஊரை மதுரை ஜில்லா என்று எழுதியிருக்க வழியில்லை. ஆகவே அது 1901-ஐச் சேர்ந்த விளக்கு. எதைக் காட்டி வியாபாரி அரை வீசை கழித்தாரோ, அதுவே அந்த விளக்கின் மதிப்பைக் கூட்டும் பகுதி என்பதை நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் அதைத் தராசிலிருந்து இறக்கினார்கள். அதன் ஜோடி இந்நேரம் உருகியிருக்கும். அதை நினைக்கும்போது இன்றும் என் மனம் ஆறவில்லை.

உலோகத்தின் எடை ஒரு பொருளின் அடிவிலை. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்பதற்கான எல்லை, அவ்வளவே. அந்த எல்லையையாவது சரியாகப் போடுகிறோமா என்றால் அதுவும் இல்லை. உண்டியலிலும் பழைய பெட்டிகளிலும் கிடைக்கும் வெள்ளி ரூபாய்களை ஒரே குவியலாக அள்ளிக் கொடுக்கிறோம். ரூபாயின் எடை எல்லாம் 11.66 கிராம்தான். ஆனால் 1940-க்கு முந்தைய காசில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 1940 முதல் வந்த வெள்ளி ரூபாயில் பாதிதான் வெள்ளி. இரண்டையும் கலந்து பாதி வெள்ளி விலையில் வாங்குவது வியாபாரிக்குக் கை வந்த கலை. 1939 என்று பொறித்த ரூபாய் அரியது. அது அந்தக் குவியலுக்குள் போய்விட்டால் பிறகு யாராலும் மீட்க இயலாது.

பழையது எல்லாம் விலை பெறும் என்றும் நான் சொல்லவில்லை. ஜப்பானியர் காலத்து நோட்டுகளை, ‘B’ என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு உடையவற்றை, கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு வருகிறார்கள். 1942 முதல் 1944 வரை அவை அளவின்றி அச்சிடப்பட்டன. ஆகவே இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, பர்மாவில் மட்டும் செல்லும் என்று மேலச்சிட்டு வெளியிட்ட ஐந்தாம் ஜார்ஜ் நோட்டுகள் வேறு வகை. அவற்றில் மடிப்பும் கிழிசலும் இல்லாத ஒன்று கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விற்பதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். பூசையில் நாள்தோறும் ஏற்றும் விளக்கைத் துலக்குவது முறைதான். உக்கிராணத்தில் கிடக்கும் பொருளைத் தேய்த்தால் உபய எழுத்து மழுங்கும். காசைத் தேய்த்தால் சேகரிப்பவர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

மதிப்புப் போடும்போது, வாங்காத ஒருவரைக் கொண்டு போடுங்கள். அவருக்கு விற்பனையில் பங்கு என்று பேசாமல் கூலியை முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள். திருட்டு, தீ இவற்றுக்காகப் பதிவேட்டில் எழுதும் மதிப்பும், நாளை சந்தையில் கைக்கு வரும் தொகையும் ஒன்றல்ல என்பதால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். எழுத்து தெரியும்படி படமும், எடையும் உயரமும் குறித்த ஏட்டுப் பதிவும் இல்லாமல் எந்தப் பொருளும் வாசலைத் தாண்ட வேண்டாம். நூறாண்டைக் கடந்தவற்றைத் தொல்பொருளாகக் கருதும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அனுமதியின்றி அத்தகைய பொருள் நாட்டைவிட்டு வெளியேறினால் பொறுப்பு அறங்காவலர் தலையில்தான் விழும்.

சித்திரைக் கணக்கு முடிக்கும் முன் உங்கள் உக்கிராண அறையை ஒருநாள் திறந்து வையுங்கள். தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பழம்பொருள் மதிப்பீட்டாளன்,
இரங்கூன்